பெரிய இடத்து ராஜி

காரமடைப் பக்கத்தில் ஒரு வெள்ளாடு அடுத்தவர் கறிவேப்பிலைத் தோட்டத்தில் புகுந்து மேய்ந்துவிட்டால் யாரும் உடனே போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுவதில்லை. பெரியவர்கள் நாலு பேர் கூடுவார்கள். ஆட்டுக்காரர், "மேஞ்சது என்ற ஆடுதானுங்க" என்று எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்ள வேண்டும். தோட்டக்காரர் எதிரே உட்கார்ந்திருப்பார். எத்தனை செடி போயிற்று என்று பார்த்து நஷ்டம் பேசுவார்கள். மறுபடியும் ஆடு புகுந்தால் பழைய கணக்கையும் சேர்த்து விசாரிப்பார்கள். இதற்குத்தான் ராஜி என்று பெயர்.

இதே ராஜிக்குக் கோட்டும் சூட்டும் மாட்டி, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெரிய கம்பெனிகளுக்கு நடத்தி வருகிறார்கள். சர்க்கார் வழக்கைத் தயார் செய்து, நடத்தாமல் நிறுத்தி வைக்கும். கம்பெனி உண்மைகளை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டி, நடத்தையைத் திருத்திக்கொள்ள வேண்டும். குறித்த காலம் ஒழுங்காகக் கழிந்தால் வழக்கு தள்ளுபடி. வாக்குத் தவறினால் வழக்கு மீண்டும் உயிர் பெறும். ஒரு தீர்ப்பினால் ஆயிரக்கணக்கான தொழிலாளர் பிழைப்புக் கெடாதிருக்க இது நல்ல வழி என்கிறார்கள். நம் நாட்டிலும் இந்த முறை வேண்டும் என்று பேசுவோர் உண்டு. பேசட்டும், தப்பில்லை. தோட்டக்காரரை எங்கே உட்கார வைப்பார்கள் என்பதே என் கேள்வி.

போயிங் கதையைப் பாருங்கள். அந்தக் கம்பெனியின் 737 மாக்ஸ் விமானங்கள் இரண்டு, 2018-லும் 2019-லும் விழுந்து 346 பேர் மாண்டனர். பாதுகாப்பு அதிகாரிகளிடம் உண்மையை மறைத்ததாகக் குற்றச்சாட்டு. 2021 ஜனவரியில் அமெரிக்க சர்க்கார் சுமார் 250 கோடி டாலருக்கு ராஜி செய்துகொண்டது. அதில் 177 கோடி விமானம் வாங்கிய கம்பெனிகளுக்கு. மாண்டவர் குடும்பங்களுக்கு 50 கோடி. அந்தக் குடும்பங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவே இல்லை! அவர்களும் பாதிக்கப்பட்டவர்கள்தாம் என்று நீதிபதி ஒருவர் சொல்ல 2022 அக்டோபர் ஆயிற்று. குடும்பங்கள் எதிர்த்தும், 2025 நவம்பரில் வழக்கே தள்ளுபடியாகிவிட்டது.

சென்னைக் கதை இன்னும் விசித்திரம். காக்னிசன்ட் கம்பெனியின் சென்னைக் கட்டடத்துக்கு அனுமதி பெற, 2014-ல் தமிழ்நாட்டு அதிகாரத் தரப்புக்கு 20 லட்சம் டாலர் லஞ்சம் கொடுக்க ஏற்பாடாயிற்று என்பது அமெரிக்காவின் குற்றச்சாட்டு. கம்பெனி தானே முன்வந்து விஷயத்தைச் சொல்லிற்று. 2019 பிப்ரவரியில் சுமார் 2.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. கம்பெனி மீது கிரிமினல் வழக்கு இல்லை என்றாயிற்று. முன்னாள் தலைவர்கள் இருவர் மீது மட்டும் வழக்குப் போட்டார்கள். அவர்கள் குற்றத்தை மறுத்தார்கள். 2025 ஏப்ரலில் அதுவும் கைவிடப்பட்டது. கட்டடம் சென்னையில், பஞ்சாயத்து அமெரிக்காவில், பணமும் அங்கேயே!

அதற்காக, ராஜியே கூடாது, ஜெயில்தான் சரி என்று அடித்துச் சொல்லவும் எனக்கு நா எழவில்லை. திருப்பூர் பாசி கம்பெனி விவகாரம் நம் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? சுமார் 930 கோடி ரூபாய் மோசடி. 2009-ல் வெடித்த விவகாரத்துக்கு 2022 ஆகஸ்டில்தான் கோவைக் கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. இருவருக்கு 27 வருஷச் சிறை, 171 கோடிக்கு மேல் அபராதம். பதின்மூன்று வருஷம்! மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததைப் போட்டவருக்குத் தண்டனைச் செய்தி இனித்திருக்கலாம். கல்யாணச் செலவுக்கு அது உதவுமா?

நம் சட்டத்திலும் ஒரு வாசல் இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் பேரம் 2006 முதல் உண்டு. 2024-ல் அமலுக்கு வந்த புதுச் சட்டமும் அதை வைத்திருக்கிறது. ஏழு வருஷத்துக்கு மேல் தண்டனையுள்ள குற்றங்களுக்கு அது கிடையாது. ஆனால் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளப் பாதிக்கப்பட்டவருக்கும் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் கம்பெனி ராஜி நியாயமானதுதான் என்று நீதிபதி திறந்த கோர்ட்டில் சொன்னால்தான் செல்லும். தனி மனிதருக்கு அந்தச் சலுகை இல்லை.

இந்த ஏற்பாடுகளைச் சேர்த்து எழுதினால் நானும் கை தூக்குகிறேன். ராஜிப் பத்திரத்தைத் தமிழிலும் அச்சிடுங்கள். டெபாசிட் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கோர்ட்டு வாசலில் நின்றவர்களுக்கு, கையெழுத்தாகும் முன் அதைப் படிக்கத் தவணை கொடுங்கள். "இந்தத் தொகை போதாதுங்க" என்று சொல்ல உள்ளே ஒரு நாற்காலியும் போடுங்கள்.