கடலுக்கேற்ற படகா, கடனுக்கேற்ற படகா?

எந்தப் படகு நல்ல படகு என்பதைத் தீர்மானிக்க வேண்டியது கடற்கரையே அன்றி, தில்லியின் அமைச்சக அறை அல்ல. அலை ஓங்கி உடையும் திருவனந்தபுரம் கரையில் கட்டுமரம் நிலைத்ததற்கு வறுமை மட்டுமே காரணமன்று. ஏறிய நீர் கட்டைகளின் இடுக்கில் வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் அது மூழ்காது. துறைமுகமில்லாத மணலில் நான்கு பேர் இழுத்து ஏற்றிவிடலாம். சகதிப்படுகை அலையைத் தணிக்கும் ஆலப்புழையிலோ நீண்ட வள்ளம் பொருந்தியது. லட்சத்தீவில், பவளத்திட்டுகளின் ஆழமற்ற வாயிலைக் கடக்கும் சிறு இயந்திரப் படகில் நின்று, தூண்டில் கம்பால் சூரை பிடிக்கிறார்கள். இவையெல்லாம் உழைப்பாளி மக்கள் தலைமுறைகளாகச் சோதித்துத் தேர்ந்த அறிவியல்.

இந்த அறிவைக் கலந்து பேசாமல் வகுக்கப்பட்ட திட்டங்கள் யாருக்குப் பயன்பட்டன? 1953இல் கொல்லம் அருகே நீண்டகரையில் இந்திய–நார்வே திட்டம் தொடங்கியது. மீனவர் வாழ்வை உயர்த்துவதே அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். ஆனால் அது பரப்பிய இயந்திரப் படகுக்குத் துறைமுகம் வேண்டும், முதலீடு வேண்டும். இறாலுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் சந்தை திறந்ததும் அந்தப் படகு இழுவலைப் படகாயிற்று; கடலையே அறியாத பணமும் கடலில் இறங்கியது. கடலடியைச் சுரண்டும் வலைக்கு எதிராக வள்ளக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். கேரளத்தின் 1980ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்காற்றுச் சட்டமும், 1988 முதல் நடைமுறையிலுள்ள மழைக்கால இழுவலைத் தடையும் அப்போராட்டத்தின் விளைச்சலே.

தாராளமயத்தின் 1991 ஆழ்கடல் கொள்கை, கூட்டு முயற்சி என்ற பெயரில் அந்நியக் கப்பல்களுக்குக் கதவைத் திறந்தது. 1994இல் நாடு தழுவிய மீனவர் வேலைநிறுத்தம் வெடித்தது. அதன் அழுத்தத்தால் அமைக்கப்பட்ட முராரி குழு, அந்த உரிமங்களை ரத்து செய்யுமாறு 1996இல் பரிந்துரைத்தது.

இன்று அதே கதவு வேறு வண்ணத்தில் வருகிறது. 20,050 கோடி ரூபாய் என்று 2020இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் ஓர் ஆழ்கடல் படகின் மதிப்பு 1.20 கோடி. மானியம் 40 விழுக்காடு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 விழுக்காடு. மிச்சக் கணக்கை யார் சொல்வது? பொதுப்பிரிவு மீனவர் 72 லட்சமும், மற்றவர் 48 லட்சமும் புரட்ட வேண்டும். குடியிருக்கும் மண்ணுக்கே பட்டா இல்லாதவர் வங்கியில் எதை ஈடு வைப்பார்? முன்பணம் தரும் கமிஷன் வியாபாரியிடமே போவார். படகு அவர் பெயரில் இருக்கும். பிடித்த மீன் வியாபாரியின் விலைக்குப் போகும்.

2025 நவம்பரில் வந்த பிரத்யேகப் பொருளாதார மண்டல விதிகள் அந்நியக் கப்பல்களைத் தடுக்கின்றன, கூட்டுறவுகளுக்கு முன்னுரிமை என்கின்றன. மீனவர் இயக்கத்தின் நெடிய போராட்டத்தை மீறி வேறெதையும் எழுத முடியாது என்பதற்கு இது சான்று. ஆனால் நடுக்கடலில் மீனை மாற்றும் 'தாய்–சேய்' கப்பல் முறையையும் அவ்விதிகளே கொண்டுவருகின்றன. கோடிகள் விழுங்கும் தாய்க்கப்பலை எந்தக் கூட்டுறவு வாங்கும்? அதை வைத்திருப்பவரே நடுக்கடலில் விலை வைப்பார். கரையில் ஏலம் கேட்டுக் கூடை சுமக்கும் பெண்களுக்கு என்ன மிஞ்சும்?

"அப்படியானால் கட்டுமரத்தோடே கிடக்கட்டுமா?" என்று ஏளனம் செய்வோர் உண்டு. மீனவர் ஒருபோதும் இயந்திரத்தை வெறுத்ததில்லை. 1980களில் தென்கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் மீனவர் சங்கங்களின் துணையோடு உருவான ஒட்டுப்பலகைப் படகு, அலையைத் தாண்டியது, மணலில் ஏறியது, வெளிப்பொருத்து இயந்திரத்தையும் ஏற்றது. கரையின் தேவையிலிருந்து பிறந்த புதுமை அது. அந்த இயந்திரத்துக்கான மண்ணெண்ணெய் ஒதுக்கீட்டை வெட்டிக்கொண்டே ஆழ்கடல் கனவு விற்பதுதான் ஒன்றிய அரசின் நவீனம்!

கடலோர நீருக்கு ஏற்ற சிறு படகுகளுக்கு வட்டியில்லாக் கடன், மானிய விலையில் எரிபொருள், கூட்டுறவுகளுக்கே சொந்தமான பனிக்கட்டி ஆலைகளும் ஏலக்கூடங்களும், படகு வடிவமைப்பில் மீனவர் சங்கங்களுக்கு முடிவெடுக்கும் உரிமை: இவையே உடனடித் தேவை. வலை இழுக்கும் கைகளுக்கே படகும் பிடித்த மீனும் சொந்தமாக வேண்டும். 1994இல் கரைகள் ஒன்றுபட்டு ஒரு கொள்கையை முறியடித்தன. அந்த ஒற்றுமையை மீண்டும் கட்ட வேண்டிய நேரம் இது.