ஓ/எல் எழுதிய பிள்ளைகளை லேத் பட்டறைக்கும் அனுப்புங்கள்

ஓ/எல் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கிற பிள்ளைகளின் உம்மா வாப்பாமாருக்கு இது. கம்பியூட்டர் கோர்ஸ், இங்கிலீஷ் கிளாஸ் எல்லாம் நல்லதுதான். ஆனால் வீட்டோடு லேத் வைத்திருக்கிற காக்காமாரிடமும் ஒரு மாதம் அனுப்புங்கள் என்பது என் கருத்து.

ஒரு சின்னச் சாமானை வைத்தே சொல்கிறேன். மேசை ஃபேன் தலையைத் திருப்புவது வோர்ம் கியரால். மோட்டர் அச்சின் பின்முனையில் புரி வெட்டியிருக்கும்; அதோடு ஒரு பற்சில்லு கவ்வி நிற்கும். புரி ஒரு சுற்று சுற்றினால் சில்லு ஒரு பல்தான் நகரும். 40 பல் என்றால் 40 சுற்றுக்கு ஒரு சுற்று. 2013இல் வந்த உயர்தரத் தொழினுட்பப் பிரிவில் படிக்கிற பிள்ளை இந்தக் கணக்கை உடனே போடும். அந்தச் சில்லைச் செய்வது எப்படி என்று கேட்டால் முழிக்கும்.

பாரம் குறைந்த வேலைக்கு இப்படி ஒரு சோடியைச் சின்ன லேத்திலேயே செய்யலாம். 10 மி.மீ. போல்ட்டின் புரி இடைவெளி 1.5 மி.மீ. அந்தப் போல்ட்தான் வோர்ம். 40 பல்லுக்குச் சுற்றளவு 60 மி.மீ., விட்டம் 19.1. பல்லின் உயரத்துக்கும் சேர்த்துப் பித்தளை வட்டை 20 மி.மீ. அளவில் கடைய வேண்டும். அதே அளவு டெப்பை லேத்தில் பூட்டிச் சுற்றவிட்டு, தாராளமாகச் சுழலக்கூடிய ஒரு ஊசியில் பித்தளையை மாட்டி மெதுவாக நெருக்கினால், டெப்பே அதைச் சுழற்றிக்கொண்டு பல்லை வெட்டும்.

சங்கதி இங்கேதான் இருக்கிறது. வெறும் வட்டை நெருக்கினால் 40 வராது. டெப் முதலில் தொடுவது வெளிவிளிம்பை. அங்கே சுற்றளவு கிட்டத்தட்ட 63 மி.மீ. ஆகவே 41, 42 பல் விழும், இல்லாவிட்டால் பல்மேல் பல் விழுந்து பித்தளை பாழ். அதனால் முதலே 40 கீறல், புரியின் சரிவுக்கு ஏற்ப 3 பாகை சாய்த்து வெட்டிக்கொள்ள வேண்டும். சுற்றளவுச் சூத்திரத்தை நான் கரும்பலகையில் எத்தனை தரம் எழுதினாலும், பாழாய்ப்போன ஒரு பித்தளைத் துண்டு சொல்லிக் கொடுக்கிற மாதிரி வராது.

“மகன் எஞ்சினியராக வேண்டும் சேர், கிறீஸ் பூசவா அனுப்புறது?” என்று ஒரு வாப்பா கேட்டார். எஞ்சினியராகப் போகிற பிள்ளைக்குத்தான் இது முதலில் தேவை. 2022இல் டொலர் இல்லாமல் உதிரிப்பாகங்கள் வராதபோது நாம் ஓடியது இந்தக் காக்காமாரிடம்தான். அவர்களுக்கு வயது போகிறது. மகன்மார் கட்டாரில்.

போகிற பிள்ளைக்குத் தொளதொளத்த சேட் வேண்டாம், கையுறையும் வேண்டாம்; சக் இழுத்துவிடும். கண்ணாடி கட்டாயம். சம்பளம் எதிர்பார்க்காதீர்கள். விருப்பமானவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள், காக்காமாரோடு நான் கதைக்கிறேன்.