கருப்புச் சுவருக்கு என்ன குறைச்சல்?

மக்களே, வீட்டுக்குள்ள கருநீலமோ கரும்பச்சையோ அடிக்கலாம்னு சொல்லிப் பாருங்க. பெயிண்டர் முதல் பெரியப்பா வரைக்கும் ஒரே பாட்டு: "சூடாகும், இருட்டடிக்கும், விளங்காது."

சூடா? வெயில் காய்வது மொட்டை மாடியும் வெளிச்சுவரும். அங்கே வெள்ளை அடிங்க, சரி. நேர் வெயில் படாத உள்சுவர் என்ன நிறமா இருந்தா என்ன?

இருட்டடிக்கும்ங்கறது நிஜம். வழி இருக்கு: கூரையை வெள்ளையா விடுங்க. ஒரே ஒரு சுவருக்கு மட்டும் அடர்நிறம், அதுவும் பளபளக்காத மேட் பெயிண்ட். ட்யூப்லைட்டுக்குப் பதிலா 2700 கெல்வின் மஞ்சள் எல்.ஈ.டி.

விளங்காதுங்கறதுதான் எனக்குக் கடுப்பு. செட்டிநாட்டு வீட்டுச் சுவர் வெள்ளைதான், ஆனா தூணும் கதவும் கரும்பழுப்பு பர்மா தேக்கு. அவங்க விளங்காமலா போனாங்க? கர்ப்பகிரகமே இருட்டுதான். அந்த இருட்டுலதான் ஒத்தை எண்ணெய் விளக்குக்கு அவ்வளவு அழகு. அடுப்படி மேடையில கருப்புக் கடப்பாக் கல்லு. அதுல சமைச்சுச் சாப்பிடலையா?

விஷயம் பெயிண்ட் இல்லீங்க. பொண்ணு பார்க்கப் போய் "கொஞ்சம் நிறம் கம்மி"ன்னு இழுக்கிற அதே வாய்தான் சுவரைப் பார்த்தும் இழுக்குது.

பிடிக்கலையா, அடிக்காதீங்க. அது ரசனை. ஆகாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. மாற்றுக்கருத்து உள்ளவங்க பின்னூட்டத்துல கும்மலாம் :-)