ஞாயிற்றுக்கிழமை மாரடைப்புக்குக் கல் உண்டு, திங்கட்கிழமை மாரடைப்புக்குக் கிடையாது!

1/
அமெரிக்காவில் முன்னாள் ராணுவ வீரர் இறந்தால் கல்லறைக் கல்லை அரசே இலவசமாகத் தரும். தனியார் கல்லறைத் தோட்டம்னாலும் அனுப்பி வைக்கும். நல்ல ஏற்பாடு.

ஆனா ரிசர்வ் படையினர் விஷயத்துல அந்தச் சட்டம் போடுற கணக்கை ஒரு மருத்துவரா என்னால ஏத்துக்க முடியல.

2/
ரிசர்வ் வீரர்னா யாரு? மத்த நாள்ல வேற வேலை பார்ப்பார். மாசத்துக்கு ஒரு வார இறுதி, வருஷத்துக்கு 2 வாரம் ராணுவப் பயிற்சி. போருக்குக் கூப்பிட்டா உடனே கிளம்பணும்.

3/
அப்படிக் கூப்பிடப்படாமலே இறந்தவருக்குக் கல் கிடைக்கணும்னா, 20 வருஷம் முடிச்சு ஓய்வூதியத் தகுதி இருக்கணும். இல்லைன்னா பயிற்சி சம்பந்தப்பட்ட மரணமா இருக்கணும்.

வார இறுதிப் பயிற்சின்னா காயங்களைத் தவிர மூணே மூணு தான் கணக்கு: மாரடைப்பு, இதயத்துடிப்பு நின்னு போறது, பக்கவாதம். அதுவும் பயிற்சியிலயோ, நேரா போற வர்ற வழியிலயோ வரணும்.

4/
இப்ப யோசிங்க. இதய ரத்தக்குழாய்ல கொழுப்பு படிய வருஷக்கணக்காகும். அது வெடிச்சு ரத்தம் உறையுற நிமிஷத்தை யாரும் தேர்ந்தெடுக்கிறதில்ல.

ஞாயிறு மாலை மைதானத்துல விழுந்தா கல் உண்டு.
திங்கள் காலை வீட்டுச் சமையலறையில விழுந்தா, 19 வருஷம் பயிற்சிக்குப் போனவரா இருந்தாலும் இல்ல.

5/
"போருக்குப் போனவங்களுக்குத்தானே அந்த மரியாதை?"ன்னு கேப்பீங்க. சட்டமே அப்படிச் சொல்லல. முழுநேரப் படையில 2 வருஷம் ஆபீஸ்ல ஃபைல் பார்த்துட்டு ஒழுங்கா வெளியே வந்தவருக்கும் கல் உண்டு. கொடுக்கட்டும், தப்பில்ல. அப்போ அளவுகோல் போர் இல்லைன்னு ஆகுதே!

6/
செலவா? தனியார் கல்லறைத் தோட்டத்துல கல்லை நடுற செலவு இப்பவும் குடும்பத்தோடது தான். அரசு கொடுக்கிறது கல்லும் அதை அனுப்புற செலவும்.

7/
மாநிலங்கள் நடத்துற படைவீரர் கல்லறைத் தோட்டங்கள்ல இவங்களையும் அடக்கம் செய்ய 2022ல் சட்டம் வழிவிட்டது. அங்கே இடம் கொடுக்கலாம்னா, சொந்த ஊர்ல அப்பா அம்மா பக்கத்துல புதைக்கப்பட்டவருக்கு ஒரு கல் கொடுக்க என்ன தடை?

8/
இறப்புச் சான்றிதழ்ல நாங்க தேதி எழுதுறது பதிவுக்காக. அதை வெச்சு ஒருத்தரோட சேவையை எடை போடாதீங்க. ஒழுங்கா பணி செஞ்ச ரிசர்வ் வீரர் எந்தக் கிழமையில இறந்தாலும் கல் கொடுங்க.

நீங்க என்ன நினைக்கிறீங்க? சொல்லுங்க.