அம்பாந்தோட்டைக் கடனும் வாயடைக்கப்பட்ட குடியாட்சியும்

கடன் வாங்காத நாடு உலகில் இல்லை. கடன்பட்டதனாலேயே ஒரு நாடு இழிந்துவிடுவதுமில்லை. ஆயின், தன் குடிமக்களுக்கு விடைசொல்லும் கடப்பாடே இல்லாத ஓர் அரசு பிறிதோர் அரசுக்குப் பணங்கொடுக்குங்கால், வாங்கும் அரசும் தன் மக்களுக்கு விடைசொல்லும் வழக்கத்தை மெல்ல மெல்லக் கைவிடுகின்றது. இலங்கையில் நேர்ந்தது இதுவே.

2007-இல் மகிந்த இராசபக்சேயின் அரசு, அவர் பிறந்த மாவட்டமாகிய அம்பாந்தோட்டையில் துறைமுகங் கட்டுதற்குச் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியிடம் 30 கோடியே 70 இலக்கம் தாலர் கடன் பெற்றது. வட்டி 6.3 விழுக்காடு. 2010 நவம்பரில் துறைமுகம் திறக்கப்பெற்றது. அதற்கு இரண்டு திங்கள் முன்னரே, ஒருவர் இருமுறைக்கு மேல் குடியரசுத் தலைவராதல் கூடாது என்றிருந்த தடையை 18-ஆம் சட்டத்திருத்தம் நீக்கியிருந்தது. அத்திருத்தத்தைச் சீனமா கேட்டது? இல்லை. சீனம் எதனையும் கேட்பதில்லை. அக்கேளாமையே அதன் கடனுக்குள்ள கவர்ச்சி. 2009 மே இறுதியில், முள்ளிவாய்க்கால் மண்ணில் குருதி காயுமுன்பே, செனீவாவில் ஐ.நா. மாந்தவுரிமை மன்றம் சிங்கள அரசுக்கு இணக்கமான தீர்மானத்தை 29 வாக்குகளால் நிறைவேற்றியபொழுதும் சீனம் அப்பக்கமே நின்றது. (புதுதில்லியும் அன்று அப்பக்கமே கையுயர்த்தியது என்பதை மறைப்பதற்கில்லை.)

2015-இல் ஆட்சி மாறிற்று; போக்கு மாறவில்லை. 2017 சனவரியில், தம் நிலம் பறிபோகுமென்று அஞ்சித் தெருவுக்கு வந்த அம்பாந்தோட்டைச் சிங்கள ஊர்மக்கள்மேல் காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியது. ஒப்பந்த முறைகளைக் குறைகூறிவந்த துறைமுக அமைச்சர் அருச்சுன இரணதுங்கா மே திங்களில் அத்துறையினின்று மாற்றப்பட்டார். சூலையில் கையெழுத்தாயிற்று: 99 ஆண்டுக் குத்தகை, 112 கோடி தாலர். அத்தொகையும் துறைமுகக் கடனை அடைக்கவில்லை. அயற்செலாவணி இருப்பிற் சேர்ந்தது. கடன் கடனாகவே நின்றது.

2022-இல் இலங்கை நொடித்ததற்குச் சீனத்தை மட்டும் பழிப்பது நேர்மையன்று. அயற்கடனில் மிகப் பெரிய பங்கு, உலகப் பணச்சந்தைகளில் விற்ற கடன்முறிகளே. ஈண்டுப் பேச்சு கடனின் அளவைப் பற்றியதன்று. வினவும் உரிமையைப் பற்றியது.

2021 மே திங்களைப் பார்க்க. கொழும்பிற் கடலைத் தூர்த்துச் சீன நிறுவனம் எழுப்பிய 269 எக்டேர் துறைமுக நகரைத் தனி ஆணையத்தின்கீழ் வைக்கும் சட்டவரைவு வந்தது. அதன் பல பிரிவுகள் அரசமைப்புக்கு முரண். சிலவற்றுக்குப் பொதுவாக்கெடுப்பே வேண்டும் என்றது நாட்டின் தலைமை நீதிமன்றம். அம்முடிவு அவையில் அறிவிக்கப்பட்ட இரண்டே நாளில், திருத்தங்களைச் சேர்த்து, அச்சட்டம் நிறைவேறிவிட்டது.

அதே திங்களில், சீனத் தூதரக உதவியால் அரசுத் தலைமை வழக்கறிஞர் பணிமனையில் அமைந்த நூலகத்திற்குப் பெயர்ப்பலகை திறந்தனர். சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சீனமொழியும் இருந்தது. தமிழ் இல்லை! தமிழும் ஆட்சிமொழி என்று 1987-இன் 13-ஆம் சட்டத்திருத்தம் கூறுகின்றது. அச்சட்டத்தைக் காக்க வேண்டியதும் அப்பணிமனையே. எதிர்ப்பெழுந்த பின்னரே பலகை அகற்றப்பட்டது. தமிழை நீக்குக என்று பெய்சிங்கிலிருந்து எவரும் எழுதியிருக்கமாட்டார். யாரை மகிழ்விக்க வேண்டும், யாரைப் பொருட்படுத்த வேண்டா என்பதைக் கொழும்பு அலுவலர் தாமே கற்றிருந்தனர்.

தமிழர் நிலமும் தப்பவில்லை. அவ்வாண்டு சனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றின் மின்திட்டத்தைக் கொழும்பு ஒரு சீன நிறுவனத்திற்கு அளித்தது. தில்லி எதிர்த்தது, திசம்பரில் சீனம் திட்டத்தை நிறுத்தியது, 2022 மார்ச்சில் அதே தீவுகளுக்கு இந்திய உதவியென்று புதிய உடன்பாடு வந்தது. இவ்விரு பேரங்களும் நடந்த காலமெல்லாம், அத்தீவு மக்களின் பேராளர் அமரவேண்டிய வடமாகாண அவை, 2018 அக்தோபரில் காலம் முடிந்தபின் தேர்தலின்றிப் பூட்டியே கிடந்தது.