கிணறு வெட்டிய கை துடுப்பு பிடித்தது!

செவிலிமேடு பாலத்தில் நின்று பாலாற்றைப் பார்த்திருக்கிறீர்களா? வருடத்தில் பல மாதங்கள் கண்ணுக்கெட்டிய வரை மணல்தான். இந்த ஊரில் இருந்துகொண்டு படகுப் போட்டி வீரரைப் பற்றி எழுதுகிறேன் என்றால் சிரிப்பீர்கள். ஆனால், இவருடைய ஊரிலும் தண்ணீர் இல்லை மக்களே!

பெயர், தத்து பாபன் போகனல். மகாராஷ்டிராவின் நாசிக் மாவட்டத்தில் தலேகாவ் ரோஹி என்ற வறண்ட கிராமம். 1991-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே அப்பாவுடன் கிணறு வெட்டும் வேலைக்குப் போனார். 2011-ல் அப்பா இறந்தார். குடும்பம் மொத்தமும் தத்துவின் தோளில். அடுத்த வருடமே ராணுவத்தில் சேர்ந்தார்.

படகுப் போட்டி ஒரு காலத்தில் துரைமார்களின் விளையாட்டு. சென்னையில் மெட்ராஸ் போட் கிளப் தொடங்கியது 1867-ல். கிணறு வெட்டுகிறவருக்கு அதெல்லாம் எட்டாத தூரம். ராணுவத்தில்தான் பயிற்சியாளர் குத்ரத் அலியின் பார்வை இவர்மேல் விழுந்தது. அதன் பிறகுதான் துடுப்பையே தொட்டார் தத்து.

இவரது ரேஸ் வீடியோவை எங்கள் தெருவில் தறி நெய்யும் தாத்தாவிடம் காட்டினேன். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தவர், "வேலை கையில இல்லப்பா, கால்ல இருக்கு" என்றார். அசந்துவிட்டேன். உண்மையும் அதுதான். படகில் இருக்கை முன்னும் பின்னும் நகரும். காலால் உந்தித் தள்ளும் விசைதான் துடுப்புக்குப் போகிறது. குழித்தறியில் மிதியை மிதித்தே வாழ்ந்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

2016 ரியோ ஒலிம்பிக். படகுப் போட்டிக்கு இந்தியாவிலிருந்து போனவர் தத்து ஒருவர் மட்டுமே. அந்த நேரத்தில் அவரின் அம்மா விபத்தில் தலையில் அடிபட்டு, நினைவு தடுமாறிக் கிடந்தார். மகன் ஒலிம்பிக்குப் போகிறான் என்பதைக்கூட அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. அந்த பாரத்தோடுதான் 2,000 மீட்டரை 6 நிமிடம் 54.96 விநாடிகளில் கடந்து 13-வது இடம் பிடித்தார். ஒலிம்பிக் தனிநபர் பிரிவில் அதுவரை எந்த இந்தியரும் தொடாத இடம் அது.

2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் தனிநபர் இறுதிச்சுற்று. காய்ச்சலோடு இறங்கிய தத்து கடைசியாக வந்தார். சமூக ஊடகமாக இருந்தால் அன்றோடு அவர் கதையை முடித்திருப்போம். மறுநாளே ஸ்வரண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் ஆகியோருடன் மறுபடி படகில் ஏறினார். நால்வர் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம்!

கோர்வைப் புடவை நெய்யும் வீடுகளுக்கு இது புதிதல்ல. ஒருவர் தளர்ந்தால் பக்கத்தில் இருப்பவரின் கை தாங்கும்.

துடுப்பு போடுகிறவர் இலக்குக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருப்பார். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கடந்து வந்த தூரம் மட்டுமே. தத்து கடந்து வந்தது ரொம்ப தூரம்.