கதையின் திருப்பமும் ஆசிரியரின் சிவப்பு மையும்

சிறுகதை எழுதும் ஆர்வம் எம் மாணவரிடையே குன்றிவிடவில்லை. அவர்கள் பெரிதும் விரும்பி எழுதுவது மர்மக் கதையே. படிப்போர் நெஞ்சைப் பதைக்கவைத்து, இறுதி வரியிலே எவரும் எதிர்பாராத ஒன்றைக் கூறி முடித்தலே கதைக்கலையின் சிகரமென அவர்கள் கருதுகின்றனர். அத்தகைய கதையொன்றைக் கொணர்ந்து, "எப்படி இருக்கிறது, ஐயா?" என வினவும் மாணவனுக்கு யாம் யாது விடை கூறுதல் வேண்டும்? இவ்விழா மலரில் அதுபற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

"நன்று" என்பதும் "நன்றன்று" என்பதும் விமரிசனம் ஆகா. முடிவு வியப்பளித்ததா என்பது மட்டும் அளவுகோலாகாது. "திடுக்கிட்டு விழித்தேன், யாவும் கனவு" என்று முடித்தாலும் வியப்பு உண்டாகும், ஆயினும் படித்தவர் தாம் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணுவர். நல்ல திருப்பத்தின் தகுதி, கதையை இரண்டாம் முறை படிக்கும்போதே புலப்படும்.

பிரெஞ்சு எழுத்தாளர் மோப்பசான் 1884 இல் வெளியிட்ட கழுத்தணிக் கதையை நோக்குக. எழுதுவினைஞர் ஒருவரின் மனைவி, விருந்தொன்றுக்கெனத் தோழியிடம் இரவல் பெற்ற வைர மாலையைத் தொலைத்துவிடுகிறாள். 36,000 பிராங்குக்கு வேறொன்று வாங்கிக் கொடுத்து, அக்கடனைத் தீர்க்கப் பத்தாண்டுகள் உழைத்து உருக்குலைகிறாள். தொலைந்தது 500 பிராங்குக்கு மேற்பெறாத போலி மாலை என்பது இறுதியிலேதான் வெளிப்படுகிறது. மீண்டும் படித்துப் பாருங்கள். பேழையிற் பெயர் பொறித்த வணிகர், அம்மாலையைத் தாம் விற்கவில்லை என்று முன்னரே கூறிவிடுகிறார். மாலையைத் திருப்பிக் கொடுத்தபோது தோழி பேழையைத் திறந்தும் பார்க்கவில்லை. விதை ஊன்றப்பட்டே இருந்தது. யாமே காணாது கடந்துவிட்டோம்.

இவ்வாறு காணாது கடந்த குற்றம் ஒன்று எமக்கும் உண்டு. பல்லாண்டுகளுக்கு முன் மாணவனொருவன் ஒரு கதை தந்தான். நோயுற்ற அயலவரின் தோட்டத்தில் நள்ளிரவில் துலா அசையும் ஒலி கேட்கிறது. கள்வனோ பேயோ என அஞ்சிய சிறுவன் ஒளிந்திருந்து பார்க்கிறான். புகையிலைக் கன்றுகளுக்கு நீர் வார்த்து நின்றவர், வேலிச் சண்டையால் அவ்வயலவரோடு பேச்சே அற்றிருந்த அவன் தந்தை! "முடிவு பொருந்தவில்லை" எனச் சிவப்பு மையால் எழுதிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தோம். சில நாட்களின் பின் அதை மீண்டும் கேட்டு வாங்கிப் படித்தபோது, முதற் பக்கத்திலேயே விடியற்காலையில் தந்தையின் வேட்டிக் கரையில் ஈரமண் ஒட்டியிருந்தமை கண்டோம். எமது தவற்றை அவனிடம் ஒப்புக்கொண்டோம். அவன் சிரித்தான், ஆனால் மற்றொரு கதை எழுதித் தரவே இல்லை.

ஆகவே ஆசிரியத் தோழர்க்கும், தம்பியர் எழுத்தைப் படிக்கும் பழைய மாணவர்க்கும் எமது வேண்டுகோள் இது: முதன்முறை வாசகராகப் படியுங்கள், எவ்விடத்தில் ஐயம் எழுந்தது, எவ்விடத்தில் முடிவை ஊகித்தோம் என்பதை எழுதுபவனுக்கு உள்ளவாறு சொல்லுங்கள். இரண்டாம் முறை விதையைத் தேடிப் படியுங்கள். விதை இல்லையெனில், முடிவை மாற்றும்படி கூறாது, முதற் பக்கத்தைத் திருத்தும்படி கூறுங்கள். உங்கள் முடிவொன்றை அவன் கதையில் ஒட்டிவிடாதீர்கள்.

சிவப்பு மையை எடுக்குமுன் இருமுறை படிக்கும் பொறுமை எமக்கு வாய்க்குமாயின், அடுத்த விழா மலரில் எம் மாணவர் கதைகள் பல இடம்பெறும் என்பது எமது நம்பிக்கை.